உப்பு இழுக்கும் பக்கம்

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று யார் வந்து நின்றாலும் எங்கள் ஊரில் முதல் கேள்வி, "என்ன லோடு அடிக்கீங்க, அண்ணாச்சி?" என்பதுதான். எந்தக் கம்பெனி வண்டி, எந்த வருஷத்து மாடல் என்பதெல்லாம் அப்புறம். உப்பு என்று பதில் வந்தால் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்ப்போம். உரம் என்றாலும் அப்படியே. துறைமுகத்திலிருந்து மரத்தடி ஏற்றுகிற வண்டி என்றால் ஸ்பிரிங் பட்டைக் கட்டுகளைத் தட்டிப் பார்ப்போம். முந்திரிக்கொட்டை, பருத்தி என்றால் கொஞ்சம் நிம்மதி. இந்தக் கேள்வியை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது தூத்துக்குடிக் கடற்கரைதான். வேறு ஊர்ப் பட்டறைகளில் இப்படி யாரும் ஆரம்பித்து நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் மூன்றாம் மைலைத் தாண்டி பாளையங்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு லாரி ஒர்க் ஷாப்பில் கையாளாகச் சேர்ந்தேன். என்னைச் சேர்த்துக்கொண்டவரை எல்லோரும் மேஸ்திரி என்றார்கள். நான் இன்றுவரை அவரை ஆசான் என்றே சொல்கிறேன். இன்ஜின் வேலைக்கும் கியர்பாக்ஸ் வேலைக்கும் ஆட்கள் தனி. ஆசானிடம் வந்ததெல்லாம் முன் ஆக்சிலும் ஸ்டியரிங்கும்தான். இழுக்கிற வண்டி, உதறுகிற வண்டி, ஒரு பக்கமே டயர் தின்கிற வண்டி. அந்த வேலை இந்த ஊரில் எப்படி வளர்ந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. வ.உ.சி.யின் கப்பலைப் பற்றியும் முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். துறைமுகத்துச் சரக்கை நாடு முழுக்கக் கொண்டுபோன லாரிகளை நேராக ஓடவைத்தவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

உப்பிலிருந்து தொடங்குகிறேன். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து அளங்களிலிருந்து போகிறது. வருஷத்தின் தொடக்க மாதங்களில் வேலை ஆரம்பித்து வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை நடக்கும். அம்பாரத்திலிருந்து லாரியில் ஏற்றும் உப்பில் ஈரம் இருக்கும். அந்த ஈரம் பாடியின் பலகை இடுக்கு வழியாகச் சேசிஸில் சொட்டும். அங்கிருந்து ஸ்பிரிங் பட்டைகள், ஷேக்கிள், பிரேக் குழாய், டை ராட் என்று எல்லாவற்றின் மேலும் ஓடும். சொட்டுவது நின்றாலும் விடாது. காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் காய்ந்த உப்புப் படலம் தானாகவே நீர்த்துவிடும். உப்போடு ஒட்டிவரும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பே ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே மழையே இல்லாத மே மாதத்திலும் இந்தக் கடற்கரையில் நிறுத்திய வண்டியின் அடிப்பாகம் ராத்திரிதோறும் நனைகிறது. பகலில் காய்கிறது, ராத்திரி மறுபடி நனைகிறது. இரும்புக்கு இதைவிடக் கெட்ட பிழைப்பு கிடையாது.

உப்புக்கும் அச்சுக்கும் உள்ள பகை மிகப் பழையது. புறநானூற்றில் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு வணிகர்கள் தங்கள் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதைச் சொல்கிறார். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யாருக்குத் தெரியும் என்ற முன்யோசனை. இந்தப் பாட்டை எனக்குச் சொன்ன தமிழாசிரியர் தம் காரை அலைன்மென்ட் பார்க்கக் கொண்டுவந்திருந்தார். உப்பு ஏற்றுகிறவன் இன்னொரு அச்சோடு கிளம்பினான் என்று கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய வண்டிக்காரன் என் தொழில்காரன்தான்.

மாட்டு வண்டியும் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு மாட்டில் ஒன்று வலுத்தது, ஒன்று நோஞ்சான் என்றால் வலுத்த மாடு முன்னே முந்தும், வண்டி மற்ற மாட்டின் பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும். நுகத்தடியில் போட்ட கட்டை வலுத்த மாட்டின் பக்கமாக நகர்த்திக் கட்டினால் பாரம் அதன் மேல் கூடுதலாக விழுந்து வண்டி நேராகும். தேரைத் திருப்பியவர்களுக்கு மாடும் இல்லை, நுகமும் இல்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களை மூலை திரும்பும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் தடுத்தால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். கட்டையைச் செருகும் அளவில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறார்கள். பிரேக் ஒரு சக்கரத்தில் மட்டும் பிடித்துக்கொண்ட லாரிக்கு நடப்பதும் இதுவே. முதல் பாடமாக ஆசான் எனக்குச் சொன்னது தேரைத்தான், "கட்டை போட்ட பக்கம் தேர் திரும்பும். உன் வண்டியில கட்டை எங்க கெடக்குன்னு முதல்ல தேடு."

1876-இல் ரயில் தூத்துக்குடிக்கு வந்தது. 1888-இல் கோரல் மில் ஓடத் தொடங்கியது. ஆனாலும் கரிசல் காட்டுப் பருத்தியும் அளத்து உப்பும் ரயிலடி வரைக்கும் கடற்கரை வரைக்கும் வந்தது மாட்டு வண்டியில்தான். கரையருகே ஆழம் குறைவு என்பதால் கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். லாரிகள் இந்த வேலைக்குள் நுழைந்து பெருகியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாடா, மெர்சிடிஸ் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. எண்ணூரிலிருந்து லேலண்ட் காமெட் வந்தது. புதுத் துறைமுகம் கட்டி முடிந்து 1974 ஜூலை 11-ஆம் தேதி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் நேராகத் தளத்தில் வந்து அணைந்தது. தோணிக்கு இருந்த வேலையில் ஒரு பெரிய பங்கு போனது. பக்கத்திலேயே ஸ்பிக் உர ஆலை வந்தது, அனல்மின் நிலையம் வந்தது. நான் தொழிலுக்குச் சேர்ந்தபோது மூன்றாம் மைலில் ராத்திரி பகல் என்ற வித்தியாசமில்லாமல் லாரி நின்றது.

ஆசான் தோணிக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அப்பா சங்கு குளிக்கிற படகில் கயிறு பிடித்தவர். 1955-இல் மறுபடி தொடங்கி 1961-ஓடு நின்றுபோன முத்துக்குளிப்பிலும் அவர் இருந்திருக்கிறார். கடலடிக்கு இறங்கியவரின் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை. கயிற்றின் அசைவு ஒன்றுதான் சேதி. நீரோட்டம் இழுக்கிறதா, ஆள் இழுக்கிறானா என்று விரல் பிரித்துச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் ஓர் உயிர் போகும். ஆசான் ஸ்டியரிங்கைப் பிடிப்பது அந்தக் கயிற்றைப் பிடிப்பது போலத்தான் இருக்கும். இறுக்கவே மாட்டார். இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு ஓட்டுவார், பேசமாட்டார்.

அவர் ஓட்டிப் பார்க்கிற ரோடு திருச்செந்தூர் ரோடு. முள்ளக்காட்டுப் பக்கம் இரண்டு புறமும் அளம், மரம் கிடையாது, காற்றுக்குத் தடை கிடையாது. ஆடி மாதம் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். தெற்கே போகும்போது வலப்பக்கம் மோதி வண்டியை இடப்பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது வலப்பக்கம் தள்ளும். பக்கம் மாறினால் அது காற்று, வண்டியில் குற்றமில்லை. அடுத்தது ரோடு. தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போட்டிருப்பார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆகவே எந்தத் திசையில் போனாலும் நல்ல வண்டிகூட லேசாக இடப்பக்கம் ஒதுங்கும். எதிரே வண்டி இல்லாத இடம் பார்த்து ஆசான் வலது ஓரத்துக்கு மாறி ஓட்டுவார். இழுப்பு வலப்பக்கம் மாறிவிட்டால் அது ரோட்டின் வாட்டம். அப்போதும் இடப்பக்கமே இழுத்தால்தான் வண்டியைத் திறக்க வேண்டும். காற்றையும் ரோட்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் எங்கள் வேலை என்பார். இன்றைக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிற இயந்திரம் வைத்திருப்பவர்களிலும் பலர் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை; அதில் எனக்கு வருத்தம் உண்டு.

திறப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் காற்று. முன் டயர் இரண்டில் எதில் காற்று குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். இதைப் பார்க்காமல் சாவியைக் கையில் எடுத்தால் ஆசான் கையைத் தட்டிவிடுவார். அடுத்து, ஓட்டி வந்த சூட்டோடு நாலு டிரம்மையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை. வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும், இல்லையென்றால் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். ஹோஸ் குற்றம் பொல்லாதது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். மிதிக்கும்போது எண்ணெய் போய்விடும், காலை எடுத்ததும் திரும்பி வராது. வண்டி மிதித்த பிறகும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிறகுதான் நூல். எங்கள் ஊரில் அது நூல் இல்லை, மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பு. பருத்தி நூல் கடல் ஈரத்தில் தொய்ந்துவிடும். வண்டியின் இரண்டு பக்கத்திலும் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் தாண்டும் வரை ஹப் உயரத்தில் தங்கூசியைக் கட்டி, சேசிஸுக்குச் சமதூரத்தில் இழுத்து நிறுத்துவோம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றவிட்டு டயரில் சாக்பீஸ் பூசி, ஆணியால் ஒரு கோடு கீறுவோம். இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளிக் குலுக்கி உட்காரவைத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று அளப்போம். முன்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் சரி. அதற்குப் பெயர் டோ-இன். கூடுதலோ குறைவோ என்றால் முன் சக்கரம் இரண்டையும் இணைக்கிற டை ராடைத் திருகிச் சரிசெய்வோம்.

திருகுவது என்று சொல்லிவிட்டேன். உப்பு வண்டியில் அது லேசில் திரும்பாது. டை ராட் எண்டின் மரையில் உப்புநீர் இறங்கி, துரு ஊதி, இரண்டு இரும்பும் ஒன்றாகிவிட்டிருக்கும். கேஸ் வைத்துச் சூடு பண்ணினால் நிமிஷத்தில் திரும்பும். பலர் அதைத்தான் செய்தார்கள். ஆசான் விடமாட்டார். சூடு பட்ட ஸ்டியரிங் இரும்பு பதம் கெடும், ரோட்டில் ஒடிந்தால் வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் போவார்கள். முந்தின நாள் சாயங்காலமே டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து துணியில் நனைத்துச் சுற்றிவைப்போம். காலையில் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் பெரும்பாலும் இளகும். இளகாவிட்டால் அறுத்தெறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும். லாரிக்காரருக்கு ஒரு நாள் வாடகை போகும், திட்டுவார். ஆசான் அந்தத் திட்டை நின்று வாங்கிக்கொள்வார்.

டோ தப்பினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். அதனால் மட்டும் வண்டி ஒரு பக்கம் ஓடாது. இது பொதுவாக யாருக்கும் தெரிவதில்லை. இழுப்பைத் தீர்மானிப்பவை காஸ்டரும் கேம்பரும். சக்கரம் மேலே வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பது கேம்பர். எந்தப் பக்கம் அது கூடுதலோ அந்தப் பக்கம் வண்டி போகும். சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங்பின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். எந்தப் பக்கம் அது குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். முன்பக்கத்து இரண்டு சக்கரமும் தனித்தனிக் கிங்பின்னில் திரும்புகிற அமைப்பே குதிரை வண்டிக்காக வந்தது. 1818-இல் லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் அதற்குக் காப்புரிமை வாங்கினார். யோசனை மியூனிக் நகரத்து வண்டி கட்டுநர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கருடையது. அதுவரை அச்சு முழுசாகத் திரும்ப வேண்டியிருந்தது. வளைவில் உள் சக்கரம் அதிகமாகவும் வெளிச் சக்கரம் குறைவாகவும் திரும்ப வேண்டும் என்ற அந்தக் கணக்குத்தான் இன்றைக்கு ஓடுகிற கார் வரைக்கும் அடிப்படை.

கிங்பின்னில் எங்கள் ஊருக்கென்றே ஒரு நோய் உண்டு. மூடி தேய்ந்து உப்புநீர் உள்ளே போனால் கிரீஸ் கரைந்து, புஷ்ஷும் பின்னும் இறுகிக்கொள்ளும். அப்போது டிரைவர் வந்து சொல்வதே குழப்பமாக இருக்கும். "ஒரு சமயம் எடது பக்கம் இழுக்கு, ஒரு சமயம் வலது பக்கம் இழுக்கு, அண்ணாச்சி." வேறு ஊரில் இதைக் கேட்டால் டிரைவருக்குத் தூக்கம் போதவில்லை என்பார்கள். எங்களுக்கு இந்த ஒரு வாக்கியமே போதும். இடப்பக்கம் திரும்பிவிட்டு நேராக்கினால் சக்கரம் முழுசாக நேருக்கு வராமல் இடப்பக்கமே கொஞ்சம் நிற்கும். வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் நிற்கும். கடைசியாகத் திரும்பிய பக்கத்தை வண்டி மறப்பதில்லை. முன்பக்கத்தைத் தூக்கி, டை ராடைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் அசைத்தால் எது இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆசானுடைய வேலைகளில் நான் மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். உப்பு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு ஓடிய ஒரு பென்ஸ் லாரி. ஸ்டியரிங்கை வலப்பக்கமாகவே பிடித்துப் பிடித்து டிரைவருக்குத் தோள் வீங்கியிருந்தது. இடக்கையால்தான் டீ கிளாஸைத் தூக்கினார். வழியில் மூன்று ஊரில் அலைன்மென்ட் பார்த்திருந்தார்கள். முன் ஆக்சிலில் கிங்பின் புதுசு, புஷ் புதுசு, டை ராட் எண்டும் புதுசு. முதலாளி நிறையச் செலவழித்துவிட்டார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த ஆசான் முன்பக்கம் போகவே இல்லை. தங்கூசியின் ஒரு முனையை முன் ஹப்பின் நடுவில் என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைப் பின் ஹப்பின் நடுவில் வைத்து முடிச்சுப் போட்டார். அதே நரம்பை மறுபக்கம் கொண்டுபோய்ப் பிடித்தோம். வலப்பக்கத்து நீளம் இடப்பக்கத்தைவிட இரண்டு விரற்கடை கூடுதல்.

பின்பக்கத்து இடது பட்டைக் கட்டைக் கழற்றினோம். பட்டைகளை ஒன்றாகப் பிடித்து ஆக்சிலின் இடத்தைக் காட்டுகிற சென்டர் போல்ட் அறுந்திருந்தது. உப்பு அதைத் தின்று ஊசி கனத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பள்ளத்தில் துண்டாக்கிவிட்டது. யூ போல்ட்டும் தளர்ந்து, ஆக்சிலின் இடது முனை முன்னால் நகர்ந்துபோயிருந்தது. பின் சக்கரங்கள் வண்டியின் பின்பாகத்தை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே வர, மூக்கு இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. பின் ஆக்சில் நேராக வருகிறதா என்று அந்த மூன்று ஊரிலும் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் இழுப்பை டிரைவர் உணர்வது கையில், கை இருப்பது முன்பக்கம். போல்ட்டையும் நாலு யூ போல்ட்டையும் மாற்றி, பட்டைகளைத் தேய்த்துக் கிராஃபைட் கிரீஸ் பூசிக் கட்டினோம். சாயங்காலம் திருச்செந்தூர் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்த அந்த டிரைவர் இறங்கியதும் ஆசானுடைய கையைப் பிடித்துக்கொண்டார். தோளைப் பற்றித்தான் அவர் பேசினார், வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

கார்கள் எங்களிடம் அப்போது குறைவு. அம்பாசடர் வந்தால் துறைமுகத்து அதிகாரியுடையது, ஃபியட் வந்தால் உப்பு முதலாளியுடையது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். அம்பாசடரில் முன்பக்கம் டார்ஷன் பார். ஒரு பக்கம் தளர்ந்தால் அந்தப் பக்கம் உடம்பு தாழ்ந்து சாயும், கேம்பர் மாறிப்போகும். உயரத்தை அளந்து பாரைத் திருகி நிமிர்த்துவோம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் முன்பக்கத்து ஸ்ட்ரட் அமைப்பில் டோ ஒன்றைத்தான் திருகி மாற்ற முடியும். கேம்பர் தப்பினால் எதுவோ வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தச் சாமானைத்தான் மாற்ற வேண்டும். திருகிச் சரிசெய்வதே தொழில் என்று நினைத்திருந்த பலருக்கு அது பிடிபடவில்லை. ரேடியல் டயர் பரவியபோது இன்னொரு புதுமை. டயருக்குள் கம்பிப் பட்டை இம்மியளவு தள்ளி உட்கார்ந்திருந்தால் அது உருளும்போதே ஒரு பக்கம் ஒதுங்கும். எல்லா அளவும் சரி, ஆனால் வண்டி இழுக்கிறது என்றால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. ஐந்து நிமிஷ வேலை, ஒரு பைசா செலவில்லை.

பிறகு இயந்திரங்கள் வந்தன. முதலில் சக்கரத்தில் கண்ணாடி மாட்டி ஒளிக்கோடு பாய்ச்சுகிறவை, அப்புறம் சக்கரத்துக்கு ஒரு பெட்டி மாட்டிக் கம்ப்யூட்டரில் எண் காட்டுகிறவை, இப்போது கேமராவால் பார்க்கிறவை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஹண்டர் கம்பெனி உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. நம் பக்கத்திலேயே புதுச்சேரியில் மானடெக் செய்கிறது. நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கைக் கண்ணும் தங்கூசியும் காட்டாது, அது காட்டும். பின் ஆக்சிலின் கோணலையும் ஒரே திரையில் காட்டிவிடுகிறது. அந்தப் பென்ஸ் லாரி இன்றைக்கு வந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் டை ராட் எண்டின் பந்து முனை தேய்ந்து ஆடுகிற வண்டியிலும் அது எண் காட்டும், திருகினால் பச்சையும் காட்டும், கேட்டைத் தாண்டியதும் எண் மாறிவிடும். ஆகவே என் பட்டறையில் டிரம் தொட்டுப் பார்க்காத வண்டி, எண்டு ஆட்டிப் பார்க்காத வண்டி இயந்திரத்தில் ஏறாது.

எண்ணிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ரோட்டு வாட்டத்துக்காக இடது சக்கரத்தில் காஸ்டர் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் வண்டி ஓரத்துக்கு ஒதுங்காமல் நேராகப் போகும். மாற்றக்கூடிய வண்டிகளில் ஆசான் அப்படித்தான் வைத்தார், லாரி ஆக்சிலுக்கு ஆப்புத் தகடு செருகி. மதுரைக்கும் பாளையங்கோட்டைக்கும் நாலுவழிச் சாலை வந்த பிறகு அந்தக் கணக்கை நான் திருத்திக்கொண்டேன். நடுத்தடுப்பை ஒட்டி வலது தடத்திலேயே மணிக்கணக்கில் ஓடுகிறவருக்குப் பழைய அளவு வலப்பக்கம் இழுப்பது போலத் தெரிகிறது. ஆகவே இப்போது இரண்டாவது கேள்வியாக, எந்த ரோட்டில் அதிகம் ஓட்டுவீர்கள் என்று கேட்கிறேன்.

2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி எங்கள் ஊர் சிப்காட்டில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தது. இழுக்கிற வண்டியைச் சரிபார்த்த ஊரிலேயே கார் பிறக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மின்சாரக் கார்களில் ஸ்டியரிங்குக்கு மோட்டார் உதவி இருக்கிறது. சின்ன இழுப்பை அந்த மோட்டாரே தாங்கிக்கொள்ளும், ஓட்டுகிறவருக்குக் கையில் தெரியாது. டயர் தேய்ந்த பிறகுதான் தெரியவரும். அதைவிட என்னை யோசிக்கவைப்பது பிரேக். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்ததும் மோட்டாரே வண்டியைப் பிடித்து பாட்டரிக்கு மின்சாரம் அனுப்பிவிடுகிறது. டிஸ்க்குக்கு வேலை குறைவு. வேலையில்லாத டிஸ்க்கில் இந்த ஊர்க் காற்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தட்டில் துரு ஏறும், காலிப்பர் நகர்கிற முளை இறுகும், ஒரு சக்கரம் விடாமல் பிடிக்கும், கார் அந்தப் பக்கம் இழுக்கும். மின்சாரக் காரோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. வாரத்தில் ஒரு நாளாவது, பின்னால் வண்டி வராத இடம் பார்த்து, பிரேக்கை நன்றாக மிதித்து நிறுத்துங்கள். மாதம் ஒரு தரம் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி, கழுவிய ஈரத்தோடு நிறுத்திவிடாமல் ஒரு சுற்று ஓட்டிக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். வருஷம் ஒரு தரம் காலிப்பர் முளைகளைக் கழற்றித் துடைத்து அதற்கான கிரீஸ் போடச் சொல்லுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் அது இல்லாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள். உப்பளத்து ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம்.